முரட்டு வரிசை

சைபீரியாவின் அந்த நரிப்பண்ணையில் கூண்டுகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒன்றில், மனிதரிடம் சாதுவாக இருக்கும் நரிகளையே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். மற்றதில், மனிதரைக் கண்டால் பாய்பவற்றையே. முரட்டுக் குட்டியைச் சாதுத் தாயிடம் பால் குடிக்க விட்டாலும் அது வளர்ந்து கடிக்கத்தான் செய்யும். "இது தொட்டில் பழக்கமில்லப்பா, ரத்தத்தோட வர்றது" என்று அங்கே நெடுநாளாக நரிகளைப் பராமரிக்கும் ஸினாயிதா புதிய ஆட்களுக்கு அலுக்காமல் விளக்குவாள்.

அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள் மகள் ரிம்மா, நிறைமாதக் கர்ப்பிணி. அவளைக் கண்டதும் முரட்டு வரிசை நரிகள் முனகிக்கொண்டு வாலாட்டின.

"அம்மா, கூண்டை மாத்தி வச்சுட்டியா? சின்ன வயசுல இதுங்ககிட்ட எத்தனை கடி வாங்கியிருக்கேன்!"

ஸினாயிதா தடித்த கையுறையை மாட்டிக் கையை நீட்டினாள். நரி பாய்ந்து கவ்வியது.

"உன் புருஷன் எந்த ஊர்க்காரன்னுடி சொன்னே?"

"ஆரம்பிச்சுட்டியா! காட்டுக்கு அந்தப் பக்கம்னு எத்தனை தடவை சொல்றது? முட்டைக்கோஸ் அப்பம் ஆறிடும், சாப்பிடு."

"கொஞ்சம் தள்ளி நில்லு, பார்ப்போம்."

ரிம்மா சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். வரிசை முழுவதும் மூக்குகள் கம்பிகளை உரசியபடி அவளோடு நகர்ந்தன. ஒரு நரிகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் வாலாட்டியபடி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.