எஸ்னா மதகுக்குள் கப்பல்
நைல் நதியில் எட்ஃபு கோயிலுக்குப் போகும் கப்பல், கப்பல்களை மேல்மட்ட ஆற்றுக்கு ஏற்றிவிடும் எஸ்னா மதகின் இரண்டு இரும்புக் கதவுகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கிறது. மேல்தளத்தில் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அடித்தளத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஷாஸ்லி, கம்பி போட்ட சிறு ஜன்னலில் முகத்தை அழுத்தியிருக்கிறான். வெளியே ஈரச்சுவர்தான் தெரிகிறது. அதன் உச்சியிலிருந்து, கைக்குழந்தையோடு வந்திருக்கும் மனைவி நஜாத் கூப்பிடுகிறாள். பிறந்து நாற்பது நாளான மகளை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான். "மேல்தளத்துல காலெடுத்து வச்சா வேலை போச்சு, அப்படியே வீட்டுக்குப் போயிடு," என்கிறார் தலைமைச் சமையல்காரர் ராகிப், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மதகுக்குள் தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறுகிறது. ஜன்னலில் பாசி கீழே போகிறது, காய்ந்த கல் கீழே போகிறது, கடைசியில் நஜாத்தின் செருப்புகள் தெரிகின்றன. அதோடு கப்பல் ஏறுவது நின்றுவிடுகிறது. அவள் மண்டியிட்டு, குழந்தையை மடியில் தாழ்த்திக் காட்டுகிறாள். "தூங்குறா. எழுப்பட்டுமா?" "வேணாம். வெயில் படாம பிடி." "மூக்கைப் பாருங்க, அப்படியே உங்கம்மா. என்ன செய்யறது!" அவன் சிரித்துக்கொண்டே கம்பிக்குள் கையை நுழைக்கிறான், ஒரு முழம் எட்டவில்லை. முன்கதவு திறக்கிறது. சுவர் மெல்லப் பின்னால் நகர, நஜாத் குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தபடி கூடவே நடக்கிறாள். சுவர் முடிந்து, ஜன்னல் முழுக்க ஆறாகிறது. அப்போதுதான் குழந்தை விழித்து அழும் சத்தம் தண்ணீர்மேல் வருகிறது.