மெழுகில்லாத கிட்டார்

கார் நிறுத்தும் அடித்தளத்தில் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற முரட்டு ராக் இசை வாசிக்கும் குழு அது. அதில் அலறிப் பாடுபவன் சகாயம். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் அவனுக்குக் கிசுகிசுப்பு மட்டுமே மிஞ்சியது. "வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்ல வந்தவனிடம், குழுவில் கிட்டார் வாசிக்கும் பிரிசில்லா தன் கிட்டாரை நீட்டினாள். வெயிலில் காருக்குள் அதை மறந்து வைத்ததில், கம்பிகளுக்கு அடியிலுள்ள காந்தச் சுருளை இறுக்கிப் பிடித்திருந்த மெழுகு உருகிப்போயிருந்தது. மெழுகு இருக்கும்வரை சுருளுக்குக் கம்பியின் அதிர்வு மட்டுமே கேட்கும்; போய்விட்டால் மனிதக் குரலும் கேட்கும்.

"இதுக்குள்ள பேசுடா."

"வீணாப்போனத என் தலையில கட்டுறியா?"

"நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ? பேசு."

அவன் குனிந்து பாட்டின் முதல் வரியைக் கம்பிகளிடம் முணுமுணுத்தான். அது ஒலிபெருக்கிக்குப் போய், பெருத்து வெளியே வந்து, சுருளை உலுக்கி, மறுபடி ஒலிபெருக்கிக்குப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்தது. தூண்கள் நீருக்குள் நிற்பவைபோல் அசைந்தன. கார்க் கண்ணாடிகள் மெல்ல நடுங்கின. அவனுடைய பழைய அலறல் முழுதாக வந்து அவனெதிரே நின்றது.

சகாயம் வாயை மூடிக்கொண்டான். அலறல் அடுத்த வரிக்குப் போனது.