பென்சில் திருத்தம்

"இதத் திருத்துனது யாரு?"

ஹெட்கிளார்க் நாராயணப்பன் தாளை நீட்டினார். ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்த முனிலட்சுமி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

ஓசூர் ஆபீசுக்குத் தமிழ் டைப் மிஷின் வந்ததிலிருந்து, காலையில் அவள் கூட்ட வரும்போது, யாரோ தட்டிப் பழகிய தாள் ஒன்று அதில் இருக்கும். பியூன் திம்மப்பனின் வேலைதான் என்று நினைத்து, அவள் பிழைகளைப் பென்சிலால் திருத்துவாள். கீழே தானும் ஒரு வரி தட்டுவாள். மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில், எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று குறிப்பு இருக்கும்.

"நான்தானுங்க. எட்டாவதோட நின்னவ, ஆசையில தொட்டுட்டேன். வேலைய விட்டு நிறுத்திடாதீங்க சாமி. பாவம், திம்மப்பண்ணனையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"என்னை ஏம்மா இழுக்கற? நான் அந்த மிஷினத் தொட்டதேயில்ல!" என்றான் வாசலில் நின்ற திம்மப்பன்.

நாராயணப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாதீங்க. பழகுனது நான்தான். இங்கிலீஷ் மிஷின்ல விரல் ஓடும். ஆனா படிச்சதெல்லாம் தெலுங்குல. சின்ன ர எது, பெரிய ற எதுன்னு இன்னும் பிடிபடல. இந்தத் தாள்ல, கலெக்டருக்கு 'மக்கள் குறைகள்'னு போக வேண்டியத 'மக்கள் குரைகள்'னு அடிச்சிருந்தேன். நீ மட்டும் திருத்தலேன்னா, ஜனங்க குரைக்கறாங்கன்னு போயிருக்கும். என் வேலையும் அதோட போயிருக்கும். உனக்குக் கோடி புண்ணியம்மா."

முனிலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் மிஷினுக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. எழுத்த நீ சொல்லு, விரல நான் சொல்றேன்."

திம்மப்பன் ஒரு முக்காலியோடு உள்ளே வந்தான்.

"என் பேரு கெட்டதுதான் கெட்டுது. நானும் கத்துக்கறேன் சார்."