உச்சரிப்புப் பிழை

"இன்னும் ஒரு வாய்ப்புதான் ஐயா! இதுவும் தப்பாப் போச்சுன்னா பெட்டி நிரந்தரமா பூட்டிக்கிடும்," என்று பதறினாள், டப்ளினில் ஒரு தனியார் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள்.

உள்ளே இருந்தது, நீதிமன்றத்தில் ஐரிஷ் பேசும் உரிமை கேட்டு, அவள் எதிரே இருந்த ஐரிஷ் முதியவர் கொலம் இளவயதில் சிறையிலிருந்து எழுதிய மனு. ஐரிஷ் மொழியில் கேட்டால்தான் பெட்டி திறக்கும். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"உச்சரிப்புப் பிழை. இது ஐரிஷ் அல்ல," என்று மறுத்துவிட்டது பெட்டியில் பொருத்திய பேசும் இயந்திரம்.

"பொறந்ததுலேருந்து இதைத்தானம்மா பேசுறேன்!" கொலம் மேசையைக் குத்தினார்.

"ஏ மூதி, அவரு பாஷைய அவருக்கே படிச்சுக் குடுக்கியா?" என்று இயந்திரத்தைத் திட்டியவள், தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொல்றாப்ல சொல்லுங்க ஐயா, திறந்துரும்."

"நீ சொல்றாப்ல எதுக்கு?"

"பாளையங்கோட்டையில உக்காந்து, புத்தகத்தைப் பாத்து, இதுக்கு ஐரிஷ் பேசக் கத்துக்குடுத்ததே நான்தான்."