மழை பார்க்க வந்தவர்

வெள்ளைக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மழத் தண்ணின்னு சொல்லுங்க," என்றாள் அம்சவேணி. என் மனைவி. அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன்.

கடலுக்கு அப்பால் வெடித்த அணுகுண்டுகளின் தூசி மழையோடு இறங்குகிறதா என்று பார்க்க, உலக நாடுகள் கூடிப் பேசி, ஊர் ஊராக மழையைப் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. நான் வாத்தியார் என்பதால் வரதய்யபாளையத்து மழை என் பொறுப்பு. எங்கள் முற்றத்தில் ஓர் அகலமான ஏனம் வைத்திருந்தார்கள். அதில் விழுவதைப் புட்டியில் அடைத்து பம்பாய்க்கு அனுப்புவேன்.

அந்த ஏனம் வந்ததிலிருந்து அம்சவேணிக்கு மழைமேல் பயம்.

எங்கள் கிணறு உப்பு. குடிக்க மழைத் தண்ணீரைத்தான் அண்டாவில் பிடித்து வைப்போம். அவள் அதைத் தொடுவதில்லை. கிணற்றுத் தண்ணீரையே குடித்தாள். கால் வீங்கிக் கிடந்தது. முன்னே உண்டான இரண்டும் தங்கவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டும் அவளுக்கு.

சும்மா பரிசோதனைதான் என்பேன். சும்மா பார்ப்பதற்கா இத்தனை தூரம் ஆள் வருகிறது என்பாள்.

வந்தவர் அந்தக் குண்டுகளை வெடித்துப் பார்த்த தேசத்துக்காரரேதான். கூட வந்த பம்பாய் அதிகாரி, புட்டியில் எழுதுவதற்காக, இந்த ஊர் சென்னையா ஆந்திராவா என்று கேட்டார். எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை, அடுத்த வருஷம் வந்தால் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

அம்சவேணி சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார்.

வாய் வைத்து ஒரு மடக்கு குடித்தார். கொஞ்சம் நின்றார். மீதியையும் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடமே நீட்டி, இன்னொன்று வேண்டும் என்று சைகை காட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள். இப்போது அந்தச் சிரிப்பை எங்கள் மகள் முகத்தில்தான் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜீப் போனதும் தூற ஆரம்பித்தது. அவளே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்தாள்.

எனக்கும் தாகம். அவருக்கு ஊற்றிய சொம்பில் மிச்சம் இருந்ததை அண்ணாந்து குடித்தேன்.

உப்பு.

"வூட்டுக்கு வந்தவருக்கு மழத் தண்ணியக் குடுப்பனா? அதுல இன்னா கீதோ. வாயிக்குக் கொண்டுபோறாரான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

முதல் மடக்கிலேயே அவருக்குத் தெரிந்திருக்குமே, அப்புறமும் ஏன் இன்னொரு டம்ளர் கேட்டார் என்றேன்.

"அதுக்குத்தான் சிரிச்சேன், வாத்தியாரே."