அப்பாவுக்கு வைத்த கறுப்பு பீர்

அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே வாழையிலையில் ஆட்டுக்கறி, இட்லி, அவித்த முட்டை, ஒரு சிகரெட். பக்கத்தில் புதுக் கைலி. அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் கறுப்பு பீர்.

தீபாவளிக்கு முந்தைய சாயங்காலம் படையல் போட்டால், இறந்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. அம்மாவும் அண்ணனும் நானும் கார் நிறுத்தும் கூரையடியில் நின்றோம். எங்கள் ஊர் பாடாங் செராய் முழுக்க எண்ணெய்ச் சட்டி வாசனை.

இலையில் வைத்ததை எல்லோரும் சாப்பிடலாம். கிளாஸில் இருப்பது மட்டும் மூத்த மகனுக்கு. தாத்தாவுக்கு வைத்ததை அப்பா குடித்தார். அப்பாவுக்கு வைத்ததைப் போன வருஷம்வரை அண்ணன் குடித்தான். பிறகு பாட்டிலில் மிச்சமிருந்ததையும். பிறகு கடைக்குப் போய் இன்னொன்றையும்.

இந்த வருஷம் அவன் மறுவாழ்வு இல்லத்தில் இருந்துவிட்டு வந்திருந்தான். வந்ததிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ஷீலா அண்ணி பிள்ளையோடு கோலா கெடாவில் தன் அம்மா வீட்டில் இருந்தார். பொங்கல்வரை அவன் இப்படியே இருந்தால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதனால்தான் பீரை மாற்றினேன்.

கூலிமில் மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சீனப் பையன் வெய் ஜியே, பகலில் சிறு அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறான். வாயைத் திறந்தால் அந்தத் தொழில்தான். இப்போதெல்லாம் இளவயதுக்காரர்கள் குடிப்பதைக் குறைத்துவிட்டார்களாம். எல்லாக் கடையிலும் போதையில்லாத பீர்தான் புதுசாம். முன்பு அது பார்லித் தண்ணீர் மாதிரி இருக்கும், இப்போது முழுசாகக் காய்ச்சிவிட்டு அதிலிருந்து போதையை மட்டும் பிரித்தெடுத்துவிடுகிறார்கள் என்றான்.

கறுப்பு பீரில் உண்டா என்று கேட்டேன். அடுத்த வகுப்புக்கு இரண்டு டின் கொண்டுவந்து கொடுத்தான்.

"ராசா சாமா லா," என்றான் மலாயில். ருசி ஒன்றுதானாம்.

நான் எதையும் ஒரு தடவையில் நம்புகிறவள் இல்லை. டின்னில் எழுதியிருந்ததைப் படித்தேன். இணையத்தில் தேடிப் படித்தேன். அப்படியும் மனசு ஆறாமல் உண்மையான கறுப்பு பீர் ஒன்றை வாங்கிவந்து, அறையைப் பூட்டிக்கொண்டு, ஒரு டின்னைத் திறந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு மிடறாகக் குடித்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. குடித்துப் பழக்கமில்லாத என் நாக்கை எப்படி நம்புவது என்று வெய் ஜியேவிடம் மறுபடியும் கேட்டேன். காலமெல்லாம் குடித்தவர்களே ஏமாந்து போகிறார்கள் என்று சிரித்தான்.

அது எனக்கு நல்ல செய்தியாக இருந்தது.

அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வாங்கிவைத்த பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, இரண்டாவது டின்னைக் கிளாஸில் ஊற்றி நானே கொண்டுபோய் வைத்தேன். அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு நாள் வருகிற மனுஷனை ஏமாற்றிவிட்டாயே என்று அழுவார்.

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி மாமா வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, அப்பா இன்னும் சாப்பிட்டு முடிக்கலயா? பீரு வச்சிருந்தா மெதுவாத்தான் லா போவாரு."

அம்மா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அவன் பக்கம் நகர்ந்து காதோடு சொன்னேன்.

"அண்ணே, அது போதையே இல்லாத பீரு. நான் மாத்திட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. பயப்படாம குடி."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. அம்மா சூடம் காட்டி, கிளாஸை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, இலையைப் பார்க்கக் குனிந்தார்.

அவன் அதை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். நின்றான். என்னைப் பார்த்தான்.

நான் தலையாட்டினேன்.

முதல் மிடறில் கண்ணை மூடினான். கிளாஸ் காலியாகும்வரை திறக்கவில்லை.

"அப்படியே இருக்கு சுபா," என்றான் மெல்ல. அவன் குரல் நடுங்கியது. நிம்மதியில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

காலிக் கிளாஸைப் படத்துக்கு முன்னால் வைத்தான். இலையில் உட்காரவில்லை. ஆணியில் மாட்டியிருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

பெட்டி நிறைய ஐஸ் இருக்கிறதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அம்மா நிமிர்ந்தார். காலிக் கிளாஸைப் பார்த்தார்.

"இதைக் குடிச்சிட்டானா? ஏன்டி குடிச்சான்? காலையிலயே எங்கிட்ட கேட்டுட்டானே, 'பின்னால வாழை மரத்தடியில ஊத்திடறேன்மா, அப்பா கோவிச்சிக்க மாட்டாரு'ன்னு. நானும் சரின்னுட்டேனே."

மோட்டார் சத்தம் தெருமுனையில் கடைப்பக்கமாகத் திரும்பியது.

அம்மா பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.