மூன்று நாளில் வந்துவிடுகிறேன்

நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்த எல்லைக் கம்பிவேலியைப் பேருந்து தாண்டும்வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நாயின் பெயர் கம்தூங்கி. கிணற்றடியில் பேரிக்காய் மரம். அம்மாவின் வலது காதில் மச்சம்.

பக்கத்து இருக்கைக் கிழவர் சிரித்தார். "என்னம்மா, பரீட்சைக்கா போறீங்க?"

"வடக்குல இருக்கிற தம்பியைப் பாக்கப் போறேன். எதையாவது மறந்துட்டா என்ன பண்றது?"

"நான் பெண்டாட்டி முகத்தையே மறந்துட்டேன். போர்ல பிரிஞ்சு அம்பது வருஷமாச்சு, அவளுக்கும் என் முகம் ஞாபகமிருக்காது. விடுங்க."

இருபது வருடமாக, வருடம் தவறாமல் போட்ட மனு. போரில் பிரிந்த குடும்பங்களின் சந்திப்புப் பட்டியலில் பெயர் வந்தது இந்த ஜூன் மாதம்தான். மூன்று நாள், அதில் பேசக் கிடைப்பது மொத்தம் பதினோரு மணி நேரம்.

மலையடிவார ஓட்டலின் பெரிய கூடத்தில் மேஜைக்கு ஓர் எண் வைத்திருந்தார்கள். பதினேழாம் மேஜையிலிருந்து எழுந்தவனுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது, கோட்டின் மார்பில் தலைவர் படம் போட்ட சின்னம். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் படித்தான்: 'புன்னே, வயது 69'. முகத்தைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் படித்தான்.

"அக்கா?"

"மான்சு! டேய், மான்சு!" அவனைக் கட்டிக்கொண்டாள். அழுகை தானாக வந்தது, நிறுத்த முடியவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தான். "அம்மா. எழுபத்து நாலாம் வருஷம் போயிட்டா. கடைசிவரைக்கும் படகுத்துறைப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருந்தா."

படத்தை வாங்கி அவள் வெகுநேரம் பார்த்தாள். வலது காதில் மச்சம் இருந்தது.

"அன்னிக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. என்னைத் தூக்கிட்டு வர முடியாதுன்னு அம்மா தங்கிட்டா. நீயும் அப்பாவும் படகு ஏறினீங்க. 'மூணு நாள்ல வந்துடறேன்டா'ன்னு சொன்னியே அக்கா?"

"எல்லாரும் மூணு நாள்னுதான் சொன்னாங்க, மான்சு. சண்டை ஓய்ஞ்சதும் திரும்பிடலாம்னாங்க. அப்புறம் நாட்டுக்கு நடுவுல கோடு போட்டுட்டாங்க."

பின்னால் கண்காணித்து நின்ற வடக்கு அதிகாரி செருமினார். மான்சு உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "மேலிடத்துப் புண்ணியத்துல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல அக்கா!" சொல்லிவிட்டு, நைந்துபோன சட்டைக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் உணவுக் குச்சிகளை எடுத்து அவளுக்கு இடது பக்கமாக வைத்தான். அவள் வலது கையால் எடுத்தாள்.

"நீ இடது கைக்காரியாச்சே? அம்மா துணியால கட்டிப்போட்டும் திருந்தலியே?"

ஒரு நொடி அவள் கை நின்றது. "தையல் மில்லுல மெஷினெல்லாம் வலது கைக்காரங்களுக்குத்தான். பழகிப்போச்சு."

"அம்மாவால முடியாதது மெஷினால முடிஞ்சிருக்கு!" என்று சிரித்தான். பிறகு கேட்டான்: "அப்பா போனப்புறம் அங்க தனியாவா இருந்தே?"

"ஏன் தனியா? கூட வேலை பார்த்தவ ஒருத்தி, மால்சுன்னு பேரு. அவ வீட்டு மேல குண்டு விழுந்து, ஒரே நாள்ல எல்லாரும் போயிட்டாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் ஒரே அறை, ஒரே அடுப்பு. உன் கதையைக் கேட்டுக் கேட்டு, கடைசியில நீ அவளுக்கும் தம்பியாயிட்டே."

"அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

அவள் சூப்பில் கரண்டியை விட்டுத் துழாவினாள். "இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

மான்சு மீனைப் பிரித்து, முள்ளையெல்லாம் பொறுக்கிவிட்டு, சதையை மட்டும் எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தான்.

மூன்றாம் நாள் காலை ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் பேருந்து ஏற வேண்டிய நேரம். மேஜைக்கு மேஜை ஓலம். பேருந்தில் அவளோடு வந்த கிழவர் தன் மனைவியின் கையை விடாமல் பிடித்திருந்தார், இரண்டு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது.

மான்சு அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறு அக்கா."

"பைத்தியமாடா உனக்கு? எலும்பு முறிஞ்சிடும்!"

"சின்ன வயசுல ஊர் முழுக்க என்னை முதுகுல சுமந்தே. ஒரு தடவை நான் சுமக்கறேன். வா."

அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். படி இறங்கி, முற்றம் தாண்டி, மூச்சு வாங்க நடந்தான். அவள் கண்ணீர் அவன் பிடரியில் இறங்கியது. இதோ முடிந்துவிட்டது, தம்பி நிம்மதியாக வீடு திரும்புவான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேருந்துப் படியருகே அவளை இறக்கிவிட்டான். அவள் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். அதிகாரி நாலடி தள்ளி நின்றார், பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கழுத்துப் பொத்தானைப் போடுகிற சாக்கில் அவள் காதருகே குனிந்தான்.

"சொல்லுங்கம்மா... எங்க அக்கா எப்ப செத்தா?"